மூடிப்போடச் சொன்ன கார்

மாமனார் தன்னை நன்றாக ஏமாற்றிவிட்டார் என்பதில் ஜெஸ்பினுக்குத் துளிகூட சந்தேகம் இல்லை.

நகைநட்டில் குறை சொல்ல முடியாது. மனைவி லிஜாவுக்குப் போட்டதெல்லாம் கெட்டித் தங்கம். ஆனால் கார்?

கருங்கல் ஊரில் அவன் கூட்டாளிகளுக்கெல்லாம் கல்யாணத்துக்குப் புத்தம்புதுக் கார் வந்தது. அவனுக்கு வந்தது ரெண்டே ரெண்டு பேர் உட்காரக்கூடிய, துணிக்கூரை போட்ட ஒரு பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். கல்ஃபில் டிரைவராக இருந்துவிட்டு வந்த மாமனார் ரசலையன், கொச்சியில் யாரோ வேண்டாமென்று தள்ளியதை வாங்கிவந்து, பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்ட வண்டி.

மாதா கோயில் முற்றத்தில் வைத்துச் சாவியைக் கொடுக்கும்போது அவர் சொன்னதுதான் அதைவிட வேடிக்கை.

"மாப்பிள, இத ஓட்டிட்டு அலைய வேண்டாம். நல்லா மூடிப் போடுங்க. கொஞ்ச காலம் கிடக்கட்டும்."

ஓட்டாமல் மூடிப்போட எதற்குக் கார்? கூட்டாளிகள் சும்மா விடுவார்களா?

"லேய், ரெண்டு பேரு இருக்கியதுக்கு ஒரு ஸ்கூட்டரு போதாதா? பிள்ள பிறந்தா மடியில வச்சா ஓட்டுவ?" என்றான் பெனிஷ். பந்தியே சிரித்தது.

மாப்பிள்ளைக்குச் சோறு இறங்கவில்லை. மறுவீட்டுச் சாப்பாட்டோடு சரி, அதற்கப்புறம் மாமனார் வீட்டு நடையை அவன் மிதிக்கவே இல்லை.

லிஜா தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்த சமயம், கேட்ட முதல் ஆளிடம் காரைத் தள்ளிவிட்டான். பழைய இரும்புக்குப் போட்டிருந்தால்கூட அதற்குப் பக்கத்தில் கிடைத்திருக்கும். ஒரு பைக்குக்கு முன்பணம் கட்டினான். நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியதுபோல இருந்தது.

மகளையும் பேரப்பிள்ளையையும் கொண்டுவிட வந்த ரசலையன், காலியாகக் கிடந்த ஷெட்டைப் பார்த்தார். மகள் முகத்தைப் பார்த்தார். போட்டுக் கொடுத்த சாயாவைத் தொடாமல் எழுந்து போய்விட்டார்.

"மனுசனுக்கத் திமிரப் பாத்தியா?" என்றான் ஜெஸ்பின். லிஜா அந்தச் சாயாவை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள்.

வருஷங்கள் ஓடின. போன வருஷம் ரசலையன் இறந்தபோதும் கல்லறைத் தோட்டத்தில் ஓர் ஓரமாக நின்று, ஒரு பிடி மண்ணைப் போட்டுவிட்டுத் திரும்பினான். அவ்வளவுதான் மருமகன் செய்த மரியாதை.

இந்த ஞாயிற்றுக்கிழமை தக்கலையில் ரோட்டை அடைத்திருந்தார்கள். கேரளாவிலிருந்து பழைய கார்கள் வரிசையாகக் கன்னியாகுமரிக்குப் போகின்றனவாம். சாயா குடிக்க நிறுத்தியிருந்த கார்களைச் சுற்றிக் கூட்டம். செல்ஃபி எடுக்க அடிதடி.

கூட்டம் அதிகமாக இருந்த இடத்தில் எட்டிப் பார்த்தான். ரெண்டு சீட்டு. சிவப்பு நிறம். ஸ்டியரிங் பக்கத்தில் சின்னதாக ஒரு மாதா சுரூபம். ரசலையன் தன் கையால் ஒட்டியது. ஜெஸ்பின் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே போனான்.

"சேட்டா, இது என்ன விலை வரும்?"

"நான் வாங்கும்போ யாருக்கும் வேண்டாம்," என்று மலையாளம் கலந்த தமிழில் சிரித்தார் காரின் சொந்தக்காரர். "பின்னே வில கேறிக் கேறிப் போச்சு. ரெண்டு வருஷம் முன்னாடி முப்பத்தஞ்சு லட்சம் தரேன்னு வந்தாங்க. இப்போ மார்க்கெட் கொஞ்சம் இறக்கம். எப்படியும் இருபத்தெட்டு கிட்டும்."

"இந்த மாதா சுரூபம்?"

"பழைய ஆள் வச்சது. வண்டிய நல்லா பாத்து நோக்கிய ஆளாக்கும். ஒரு ஆணிகூட மாத்தல. அதான் இந்த வில."

அவன் எப்படி வீடு வந்து சேர்ந்தான் என்று அவனுக்கே தெரியாது. லிஜா அடுக்களையில் மரச்சீனிக் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, அந்தக் காருக்க மதிப்பு ஒனக்க அப்பாவுக்குத் தெரியுமா?"

அவள் தலை நிமிரவில்லை. "தெரியும்."

"இருபத்தெட்டு லட்சம்! ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் வித்திருப்பேனா? வேணும்னே மறச்சுப் போட்டாரு. செத்தவர சொல்லக் கூடாது, ஆனா இது சதி இல்லியா?"

"அப்பா எனக்கிட்ட சொல்லிட்டுத்தான் தந்தாவ."

"ஒனக்கிட்டயா? பின்ன நீ ஏன் எனக்கிட்ட சொல்லல்ல?"

லிஜா கத்தியைக் கீழே வைத்தாள். கழுத்தில் கிடந்த கவரிங் சங்கிலியை ஒதுக்கி வியர்வையைத் துடைத்தாள். போட்டுவந்த தங்கமெல்லாம் கல்யாணம் ஆன முதல் வருஷமே, அவன் தொடங்கிய கடைக்காக ஒவ்வொன்றாக அடகுக்குப் போய், திரும்பாமலே முங்கிப்போனது. கடையும் நிற்கவில்லை. ஜெஸ்பின் பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

"'தங்கத்துக்க வில ஊருக்கே தெரியும் மக்கா, அது ஒனக்க கையில நிக்காது. இதுக்க வில ஒருத்தருக்கும் தெரியாது. மாப்பிள இதையாவது ஒனக்குன்னு விட்டுவைப்பாரு'ன்னு சொன்னாவ."

கிழங்கை அள்ளிச் சட்டியில் போட்டாள்.

"அப்பா ஒங்கள அவ்வளவு நல்லவருன்னு நினச்சிட்டாவ."