எட்டா, பதினாறா

“எட்டு ஜிபி ரேம் மதி சேட்டா. நாலு கேமராவுக்கு அது தாராளம்” என்றான் கடைக்கார ஜோபி.

“பதினாறு போடு தம்பி” என்றாள் இன்பமேரி.

“நீ சும்மா இரு. படிச்ச பையன், அவனுக்குத் தெரியாதா?” சுவக்கீன் மனைவியை முழங்கையால் இடித்தார்.

“படிச்சது அவன். அந்தப் பாதையில நடக்கிறது நம்ம பிள்ளைக.”

ஜோபி சிரித்துக்கொண்டான். அடிமாலியில் அவன் கடைக்குக் கம்ப்யூட்டர் வாங்க வருகிறவர்கள் பிள்ளை படிப்புக்கு என்பார்கள், அக்ஷயா இ-சேவை சென்டர் வைக்க என்பார்கள். சின்னக்கானலிலிருந்து பஸ் ஏறி வந்த இந்த இரண்டு பேரும் யானை பார்க்க என்றார்கள்.

யானை என்றுகூட வாயால் சொல்லவில்லை. பெரியவர் என்றார்கள். பேர் சொன்னால் வந்து நிற்குமாம்.

பஸ் நிற்கும் முக்கிலிருந்து தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குத் தேயிலைக் காட்டு வழியாக ஒரே ஒரு பாதை. அதில் நாலு கேமரா. லயத்துக் கடைசி வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர். முறை வைத்து ஒருவர் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். பாதையில் எதுவும் நிற்கவில்லையென்றால் வாட்ஸ்அப் குழுவில் ‘வழி காலி’ என்று போடுவார். முக்கில் டீக்கடை வைத்திருக்கும் மொக்கையன் அதைப் பார்த்துச் சொன்ன பிறகுதான் பஸ் இறங்கியவர்கள் காலை எடுத்து வைப்பார்கள்.

மாசி மாதம் லயத்துக்காரர் பெரியமுத்துவும் அப்படித்தான் கேட்டுக்கொண்டு நடந்தார். இரண்டாவது வளைவில் யானை மிதித்துச் செத்துக் கிடந்தார்.

அன்று முறை இன்பமேரிக்கு.

“டிடிஆர் நாலா, அஞ்சா?” லயத்து இளவட்டங்கள் எழுதிக் கொடுத்த தாளைச் சுவக்கீன் கண்ணுக்கு எட்டத்தில் பிடித்துப் படித்தார். “பயலுக அஞ்சுதான் வேணும்ங்கானுக.”

“அஞ்சு போட்டா அதுக்குத் தக்கன போர்டும் வேணும். ரேம் இப்போ தீ விலை. நாலே மதி.”

“கம்பெனி?”

“கிங்ஸ்டன் இருக்கு, கோர்செர் இருக்கு. ரெண்டும் நல்லதுதான்.”

“ஒருத்தன் அதுங்கான், ஒருத்தன் இதுங்கான். டீத்தூளுக்குக்கூட நாங்க இம்புட்டுச் சண்டை போட்டதில்லப்பா.”

“இன்னொண்ணு காட்டட்டுமா? கலர் லைட் எரியும்.”

“எதுக்கு? பெரியவர் வந்து டான்ஸ் ஆடவா?”

இரண்டு ஆண்களும் சிரித்தார்கள். இன்பமேரி சிரிக்கவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த விரல் நீளப் பச்சை ரேம் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தம்பி, இது பத்தாமப் போனா என்ன ஆகும்?”

“ஸ்டக் ஆகும் சேச்சி.”

“டிவி கறுத்துப் போகுமா?”

“அப்படிக் கறுத்தா நல்லதாச்சே, உடனே தெரிஞ்சுபோகும். இது கறுக்காது. கடைசியா வந்த படம் அப்படியே நிக்கும். காலிப் பாதைன்னா காலிப் பாதையாவே நிக்கும். பார்க்கிற ஆளுக்குத் தெரியாது.”

அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

மாசியிலிருந்து லயத்தில் ஒரே பேச்சு, இன்பமேரி தூங்கிவிட்டாள் என்று. இல்லை, இல்லை என்று சொல்லிப் பார்த்தாள். பிறகு அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. தவக்காலத்தில் கோவிலுக்குப் போய், தூங்கிவிட்டேன் சாமி என்று பாவசங்கீர்த்தனமும் செய்துவிட்டு வந்தாள்.

“நான் தூங்கலைங்க” என்றாள் இப்போது, கணவரைப் பார்த்து.

சுவக்கீன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். மத்தியானத்திலிருந்து முறை பக்கத்து வீட்டுப் பின்சிக்கு. ஸ்பீக்கரைப் போட்டார்.

“பின்சி, வழி எப்படி இருக்கு?”

“காலிதான் மாமா. குழுவுலயும் போட்டுட்டேன். ஸ்கூல் பிள்ளைக இப்பத்தான் முக்குலருந்து பாதையில எறங்குச்சுக.”

அவள் குரலுக்குப் பின்னால் தகரக் கூரை இரைந்தது.

“அங்க மழையா?”

“கொட்டுது.”

“படத்துல?”

“பாதையில நல்ல வெயில் மாமா. மேட்டுக்கு இந்தப் பக்கம் மழை, அந்தப் பக்கம் வெயிலு. நம்ம ஊருக்கு இது என்ன புதுசா?”

புதுசில்லைதான். சுவக்கீன் தலையை ஆட்டினார். ஜோபியும் எட்டு ஜிபி அட்டையைப் பிரிக்கத் தொடங்கினான்.

இன்பமேரி போனை வாங்கிக்கொண்டாள். முப்பது வருஷம் கொழுந்து கிள்ளியவள். கைக்கடிகாரம் கட்டியதில்லை, காட்டில் மர நிழலைப் பார்த்துத்தான் நேரம் சொல்வாள்.

“பின்சி, பாதையோரத்துல ஒத்தச் சவுக்கு மரம் நிக்குதுல்ல? அதோட நிழல் எந்தப் பக்கமா விழுது?”

“மேற்கால அத்தை. நம்ம லயத்தைப் பார்த்து.”

கடைக் கடிகாரத்தில் மணி நாலாகப் பத்து நிமிஷம்.

“அது காலம்பற நிழலுடி!” இன்பமேரி கத்தினாள். “பிள்ளைகளைத் திரும்பச் சொல்லு. போன் போடு, ஓடு!”

தகரக் கூரை இரைந்துகொண்டே இருந்தது.

“யாருக்குப் போட அத்தை?” என்றாள் பின்சி. “இந்த மழையில மொக்கையன் கூப்பிட்டாலும் கேக்காது, பிள்ளைக கையில ஏது போனு?”