முதலாளியின் கைராசி

வடுகபட்டிப் பூண்டு மண்டியில் எழுதப்படாத சட்டம் ஒன்றிருந்தது: உடம்புக்கு முடியவில்லை என்றால் முதலாளி செல்லப்பாண்டி தரும் மாத்திரையை எவரும் மறுக்கக் கூடாது. அவர் கண்ணெதிரே வாயிலிட்டு, தண்ணீர் குடிக்கப் பின்பக்கம் போக வேண்டும். மறுநாள், "ஒரே மாத்திரையில கேட்டுருச்சு முதலாளி" என்று சொல்ல வேண்டும். அங்கே வேலை பார்க்கும் பூமாரியும் எட்டு வருடங்களாக அப்படியே சொல்லி வந்தாள்.

மருத்துவர் எழுதித் தந்த பென்சிலினைக் காய்ச்சல் தணிந்ததும் நிறுத்திவிட்டு, மிச்சத்தை டப்பாவில் சேர்ப்பது செல்லப்பாண்டி குடும்ப வழக்கம்; அதிலிருந்துதான் மண்டி ஆட்களுக்கு மாத்திரை. மருத்துவத்தைத் தம் கைராசியின் கிளைத்தொழிலாகவே அவர் கருதினார்.

அன்று காய்ச்சல் அவருடைய மகள் திரிஷாவுக்கு. டாக்டரிடம் போகும் வழியில் பிள்ளையோடு மண்டிக்குள் நுழைந்த மனைவியை மறித்து, அவர் டப்பாவைத் திறந்தார்.

"வேணாங்க. போன தடவை பென்சிலின் தின்னுதான் பிள்ளைக்கு மொகமெல்லாம் வீங்குச்சு. இனிமே குடுக்கவே கூடாதுன்னு டாக்டரு சொன்னாகல்ல?"

"அவுக புத்தகத்தப் பாத்தாக, நான் ஆளப் பாத்தவன். ஏலே முத்துராஜா, என் மாத்திரை ஒனக்குக் கேட்டுச்சா இல்லையா?"

"கேட்டுச்சு முதலாளி" என்றான் எடைபோடும் முத்துராஜா, தராசைப் பார்த்தபடி.

"பூமாரி, நீயும் சொல்லு ஆத்தா."

குழந்தை வாயைத் திறந்துவிட்டது. பூமாரி பாய்ந்து வந்து அவர் நீட்டிய மாத்திரையைத் தட்டிவிட்டாள்.

"பிள்ளைய டாக்டர்கிட்டத் தூக்கிட்டுப் போங்க. பின்னால பூண்டுத் தோலக் கெளறிப் பாருங்க முதலாளி, நீங்க குடுத்த மாத்திரை பூராம் அங்கனதான் கெடக்கு. ஒங்க கைராசியில இல்ல, துப்பித் துப்பித்தான் நாங்க உசுரோட இருக்கோம்!"