ஹெரன்ஸ் அணியின் செலவுப் பட்டியல்

"பாருங்கோ சனங்களே! மனுசன் வேதக்காரன், கிறிஸ்தவன். ஆனால் எங்கடை குத்துவிளக்குக்கு மரியாதை குடுத்து, வாசலிலையே சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாறார். இவரிட்டைப் படியுங்கோ!"

கிருஷ்ணராசா மைக்கில் முழங்க, சபை கைதட்டியது. காலுறையோடு நடுமண்டபத்தில் நின்ற கிறிஸ்துநாயகம் ஏதோ சொல்ல வாயெடுத்தார்; அது கைதட்டலில் அமுங்கிப்போனது. மரியாதை பற்றிப் பேசியவர் மினுங்கும் சப்பாத்தோடுதான் சற்று முன் விளக்கேற்றியிருந்தார். அதை யார் கேட்பது?

லண்டன் ஹரோவில் அது கிருஷ்ணராசாவின் சொந்தக் கலியாண மண்டபம். சிவப்புக் கம்பளமெல்லாம் விரித்து முடிந்த பிறகுதான் அவரே அதற்குள் முதன்முதலாகக் காலடி வைத்தார். மூன்று வருடமாகப் பாதித் தமிழருக்கு அங்கேதான் தாலி ஏறியது. இப்போது அவருக்குக் கவுன்சிலர் ஆகும் ஆசை பிடித்திருந்தது. அடுத்த மே மாதம், 2010இல், தேர்தல். "ஊருக்கு என்ன செய்தீர்?" என்று கட்சி கேட்டிருந்தது. ஆட்டிறைச்சிக் கறியோடு ஐந்நூறு பேருக்குச் சாப்பாடு போட்டேன் என்றா சொல்வது?

ஆகவே, 2006இல் கலைந்துபோன லண்டன் ஹெரன்ஸ் என்ற தொழில்முறைக் கூடைப்பந்து அணியை மீண்டும் கொண்டுவரப் புறப்பட்டுவிட்டார். பந்து உருண்டை என்பதைத் தவிர அந்த விளையாட்டைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது.

கிறிஸ்துநாயகம் அந்த அணிக்குப் பதினொரு வருடம் மனேஜராக இருந்தவர். இப்போது ஹீத்ரோ விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறார். அணி திரும்பி வர என்ன செலவாகும் என்று பட்டியல் போட்டுவரச் சொல்லிக் கிருஷ்ணராசா அழைத்ததும், ஷிப்ட் முடிந்த கையோடு அங்கிருந்து நேரே ஓடி வந்திருந்தார்.

"வாசியும், நாயகம்!"

"அமெரிக்காவிலை இருந்து ரெண்டு பிளேயர். பிளேன் டிக்கெட்."

"நான் போடுறன்!" என்று எழும்பினார் டிராவல்ஸ் நடத்தும் ஜெயகௌரி. "ஆனால் பெனியனிலை என்ரை கடைப்பேர் முன்னுக்கு வரவேணும்."

"சப்பாத்து. பதினாறாம் சைஸ்."

"பதினாறோ! அது சப்பாத்தோ வள்ளமோ?" என்றார் மிட்சம் என்ற இடத்தில் மளிகைக்கடை வைத்திருக்கும் சச்சிதானந்தன். சபை விழுந்து விழுந்து சிரித்தது. "சரி, எல்லாருக்கும் நான் வாங்கித் தாறன். முதுகிலை என்ரை கடைப்பேர். அகலமான முதுகெண்டால் போன் நம்பரையும் போடுங்கோ."

இன்சூரன்ஸ், லீக் கட்டணம், பஸ், வைத்தியர் என்று பட்டியல் இறங்க இறங்கக் கைகள் உயர்ந்தன. ஆட்டத்தைப் பற்றி ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. பெனியனைப் பற்றி எல்லாரும் கேட்டார்கள். இந்த வேகத்தில் போனால் விளையாடுகிறவனின் நம்பரை அவன் நெற்றியில்தான் எழுதவேண்டும்.

"போன கிழமையும் எங்கடை பழைய பெடியள் ரெண்டு பேர் போன் எடுத்தவங்கள், அண்ணை," என்றார் கிறிஸ்துநாயகம். "எப்ப தொடங்குறம் எண்டு கேக்கிறாங்கள். ஒருத்தன் லொறி ஓடுறான். வயசு போகுது. இன்னும் ஒரு வருசம் போனால் அவங்களுக்கு ஏலாது."

"அது சரி, உந்த டீம் ஏன் கலைஞ்சது?" கிருஷ்ணராசா வீடியோக்காரன் பக்கம் திரும்பி நின்றுகொண்டு கேட்டார்.

"கட்டடத்தை ஆரோ வாங்கிட்டினம். ஒரு சனிக்கிழமை மட்ச்சுக்குப் போறம், கதவிலை புதுப் பூட்டு. ஒரு கடுதாசிகூட வரேல்லை. பெடியள் பையளோடை மழையிலை நிண்டாங்கள். வேறை இடம் தேடித் தேடியே டீம் முடிஞ்சுபோச்சு."

சபை உச்சுக் கொட்டியது.

"ஆரடா அந்த மடையன்?" கிருஷ்ணராசா மேசையில் ஓங்கி அடித்தார். "காசுப் பேய்! விளையாடுற பிள்ளையளைத் தெருவிலை விட்டவனுக்குச் சோறு இறங்குமோ? நான் கவுன்சிலுக்குப் போனால் முதல் வேலை, அவன் ஆரெண்டு கண்டுபிடிச்சு நாறடிக்கிறதுதான்!"

முன்வரிசையில் வடையோடு இருந்த வெள்ளைக்காரக் கட்சிச் செயலாளருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனாலும் வடையைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார்.

"இன்னும் என்ன குறை, நாயகம்?"

"ஒண்டே ஒண்டுதான், அண்ணை. அது இல்லாட்டில் மற்றதெல்லாம் இருந்தும் பிரயோசனமில்லை."

"அதை நான் தாறன்! எதெண்டாலும் தாறன்! இந்தச் சபை சாட்சி, இந்த விளக்குச் சாட்சி!"

கைதட்டல் ஓய்ந்தது. கிறிஸ்துநாயகம் பட்டியலை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"நான் விளக்குக்காகச் சப்பாத்தைக் கழட்டேல்லை, அண்ணை. வெளிச் சப்பாத்தோடை மிதிச்சால் தரை பழுதாப்போகும் எண்டு பதினொரு வருசம் பெடியளை ஏசி ஏசி, எனக்கே அது பழகிப்போச்சு."

கிருஷ்ணராசாவுக்கு விளங்கவில்லை. "எந்தத் தரை?"

கிறிஸ்துநாயகம் குனிந்து, காலடியில் இரண்டு சிவப்புக் கம்பளங்கள் சேருமிடத்தைப் பிடித்து இழுத்தார். கீழே மரத்தரை. அதில் ஒரு பெரிய வெள்ளை வட்டம். வட்டத்துக்குள் ஒற்றைக் காலில் நின்றது நீல நிற நாரை. அதன் கீழே 'ஹெரன்ஸ்' என்ற எழுத்து இன்னும் அழியாமல் இருந்தது.

கிறிஸ்துநாயகம் கையை நீட்டினார்.

"சாவியைத் தாங்கோ, அண்ணை."