பூச்சிமருந்துப் பெட்டியின் சாவி

“நான் ஒண்ணும் சாகப் போறதில்ல. சாவியக் குடு மச்சான்” என்றார் விவசாயி. மனைவியின் தம்பியிடம் கைநீட்டி நிற்பது அவருக்குப் பழகிவிட்டது. கூச்சம் மட்டும் தீரவில்லை.

தையற்காரனான அந்த மைத்துனன், இயந்திரத்தின் ஓட்டத்தை நிறுத்திவிட்டு மேசை இழுப்பறையைத் திறந்தான்.

இரண்டு போகம் தொடர்ந்து பொய்த்ததிலிருந்து ஊரே விவசாயியைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தது. கிணற்றடியில் அவர் சற்று நேரம் தனியாக நின்றால் போதும். யாரேனும் ஒருவர் அருகில் வந்து மழையைப் பற்றிப் பேச்சுக் கொடுப்பார்.

சுகாதாரச் செவிலி வீடு வீடாகப் பூட்டுப்பெட்டி கொடுத்த நாளில் தொடங்கியது இந்தச் சாவித் தொல்லை. “இந்த வருஷம் சுத்துவட்டாரத்துல ஏழு பேர் போயிட்டாங்க. ஏழு வீட்டுலயும் பூச்சிமருந்து பக்கத்துலயே இருந்துச்சு. சாகணும்னு தோணின அந்த ஒரு நேரம் தாண்டியிருந்தா எல்லாரும் இருந்திருப்பாங்க. பூட்டி, சாவிய வேற வீட்டுல குடுத்து வைங்க” என்றாள் அவள்.

அன்று மாலையே மனைவி சாவியைத் தம்பியிடம் சேர்த்துவிட்டாள். கணவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதன்பின், மருந்து தெளிக்க வேண்டிய நாளெல்லாம் அவர் மூன்று வீடு தாண்டி நடந்தார். அவர் பெட்டியைத் திறக்கும் வேளையில் மனைவி கொல்லைப்புறம் போய்விடுவாள். பூட்டிய பிறகே திரும்புவாள். நெடி அவளுக்கு ஆகாது போலும் என்று அவர் எண்ணிக்கொண்டார்.

சாவி கைக்கு வந்ததும் அவர் அதைச் சட்டைப்பையில் போட்டு அழுத்தினார்.

“இனிமே இது என் வீட்டு ஆணியிலதான் தொங்கும். உங்க அக்கா என்னைப் பச்சப்புள்ள ஆக்கினது போதும்.”

“இங்கயே இருக்கட்டுமே மாமா. நான் என்ன அதுக்கு வாடகையா கேக்கறேன்?”

“கிண்டலா? அப்ப நீயும் என்னை நம்பல.”

“நம்பாமலா ஒவ்வொரு தடவையும் உங்க கையிலயே குடுத்து அனுப்புறேன்?”

விவசாயிக்கு அலுத்துப்போயிற்று. நல்லா இருக்கிறேன், நல்லா இருக்கிறேன் என்று எத்தனை பேருக்குத்தான் சொல்வது? “இந்த மூஞ்சியப் பாத்தா சாகப் போறவன் மாதிரியா இருக்கு? வீட்டுக்குப் போய் அவகிட்டயே கேக்கறேன்” என்று படியிறங்கினார்.

மைத்துனன் பாய்ந்து வந்து வழியை மறித்தான். தைத்துக்கொண்டிருந்த துணி அவன் காலோடு இழுபட்டு வந்தது.

“வேணாம் மாமா. அத மட்டும் வீட்டுல வைக்காதீங்க. உங்ககிட்ட சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்…”

“என்னடா சத்தியம்?”

அவன் கண்கள் கலங்கியிருந்தன.

“‘நானே வந்து கேட்டாலும் எனக்குக் குடுத்துடாதடா’ன்னு சொல்லித்தான் மாமா அக்கா குடுத்தா.”