நாற்காலியில் ஒரு கோட்டு

நானும் என் மேலதிகாரியும் இந்தக் கிளைக்கு மாற்றலாகி வந்தது போன மாதம்தான். எனக்கு வேண்டிய வரைபடம் வரைபடப் பிரிவு சீனியரிடம் இருப்பதாகச் சொன்னார்கள்; அவரோ என் எந்த மெயிலுக்கும் பதில் போடவில்லை. நேரில் போனேன். நாற்காலியில் கோட்டு தொங்கியது, ஆளைக் காணோம்.

"இப்பதான் எழுந்து போனார்," என்றாள் பக்கத்து இருக்கைக்காரி, தலையைத் தூக்காமலே.

மறுநாளும் அதே கோட்டு, அதே பதில். கோட்டின் தோளில் தூசி படிந்திருந்தது. எனக்குச் சுருக்கென்றது. எதையோ மறைக்கிறார்கள்!

பழைய தொலைபேசிப் பட்டியலைத் துழாவி அவர் வீட்டுக்கே பேசினேன்.

"சார், தினமும் உங்க கோட்டைத்தான் பாக்குறேன். நீங்க எப்ப வருவீங்க?"

அவர் சிரித்தார். "நான் ரிட்டயராகி ஒரு வருஷமாச்சும்மா. கோட்டை மட்டும் விட்டுட்டுப் போங்கன்னு எல்லாரும் கெஞ்சினாங்க. எந்த வேலை நின்னாலும் என்கிட்ட இருக்குன்னு சொல்லிக்கலாமாம்."

அவர்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவதென்று கொதித்துக்கொண்டு கிளம்பினேன். மேலதிகாரி எதிரே வந்தார்.

"வரைபடம் என்னாச்சு? சரி, நீ எழுதவேண்டிய ரிப்போர்ட்டாவது ரெடியா?"

ரிப்போர்ட்டை நான் இன்னும் தொடங்கவே இல்லை.

"ரெண்டும் சீனியர்கிட்டதான் சார் இருக்கு," என்றேன். "இப்பதான் எழுந்து போனார்."