லிட்டருக்கு இருபத்துநாலு

“நாலும் மொட்டையாணு சேட்டா. இனியொரு மழை தாங்கில்ல.”

ஜோமோன் இப்படிச் சொன்னதும் ஆறுச்சாமிக்குத் தன் தோப்பில் பட்டுப்போன நாலு தென்னைகள்தாம் நினைவுக்கு வந்தன. ஆனால் கொழிஞ்சாம்பாறையில் ஜோமோனின் டயர் கடையில் நின்றுகொண்டு யாரும் தென்னையைப் பற்றிப் பேச மாட்டார்கள். மொட்டையானவை அவருடைய ஹைபிரிட் காரின் டயர்கள்.

லிட்டருக்கு இருபத்துநாலு கிலோமீட்டர் கொடுக்கும் கார் அது. கல்யாண வீடோ இழவு வீடோ, கேரள எல்லை ஊரான வடகரப்பதியில் அவர் பேச்சைத் தொடங்குவதும் முடிப்பதும் அந்த இருபத்துநாலில்தான். புது டயர் போட்டால் அது குறைந்துவிடுமோ என்று பதினைந்து நாளாக யூடியூப் பார்த்துக் கண் பூத்துவிட்டது.

“அப்பா, கொஞ்சம் அகலமாப் போடலாங்ப்பா. பார்க்க எடுப்பா இருக்கும்” என்றான் மகன் தனபால்.

“எடுப்பா இருக்கறதுக்கு நான் ஒருத்தன் போதாதாடா? அகலமானா இழுவை. பழைய அளவுதான். அதுலயும் லேசா உருளறது வேணும்.”

எது லேசாக உருளும்? பார்த்துவிடலாமென்று ஒரு டயரை எடுத்துக் கடை வாசல் சரிவில் உருட்டிவிட்டார். அது சாலையைக் கடந்து, எதிர்ச் சாயாக்கடை பெஞ்சில் முட்டி, உட்கார்ந்திருந்தவரின் சாயாவைக் கொட்டிவிட்டுத்தான் நின்றது.

“இதுதான்டா!” என்றார் ஆறுச்சாமி. தனபால் தலையில் அடித்துக்கொண்டான்.

“மைலேஜ் எறங்குச்சுன்னா?”

“இருபத்திரண்டுக்குக் கீழ எறங்குனா சாவி உனக்கு. நான் பஸ்ஸுல போறன்.”

தினமும் கோயம்புத்தூருக்குப் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போகிறவன் தனபால். “சரிங்ப்பா” என்று உடனே கையை நீட்டினான்.

“கொறச்சு நேரம் இரிக்கூ சேட்டா” என்றான் ஜோமோன். கொஞ்ச நேரந்தானே என்று உட்கார்ந்தவரை எழுப்ப ஒன்றரை மணி நேரமானது. கிளம்பும்போது வாரம் ஒருமுறை காற்றைப் பார்க்கச் சொன்னான். முப்பத்துமூன்று இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எந்த டயரும் மைலேஜ் தராது என்றான்.

வீட்டில் காற்றுப் பிடிக்கவும் அளவு பார்க்கவும் குட்டி மெஷின் ஒன்று உண்டு. ஆறுச்சாமிக்குத்தான் குனிந்தால் நிமிர முடியாது. அதனால் அந்த வேலை மருமகள் கோமதிக்குப் போனது. தாராபுரத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து மூன்று மாதம். சொன்னதைத் தட்டாமல் செய்கிற பெண். மாமனாரின் முக்கால் தமிழும் கால் மலையாளமும் அவளுக்கு இப்போதுதான் பழகிவருகிறது. வந்த புதிதில், “அம்மணி, கொறச்சு வெள்ளம்” என்று அவர் கேட்டதற்கு வெள்ளம் எங்கே என்று வாசலைப் பார்த்தவள், இப்போதெல்லாம் சிரித்துக்கொண்டே அரை டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைக்கிறாள்.

ஞாயிறுதோறும் அவளிடம் காற்று வேலையை ஞாபகப்படுத்திவிட்டு, மறுநாள் காலையில் வேலந்தாவளம் தாண்டித் தமிழ்நாட்டுப் பங்க்கில் டேங்கை நிரப்பி மைலேஜ் பார்த்தார்.

முதல் வாரம் இருபத்துமூன்றரை. “புது டயரு, பழகோணுமல்ல” என்றார். இரண்டாம் வாரம் இருபத்துமூன்று. ஏ.சி.யை நிறுத்தினார். மூன்றாம் வாரம் இன்னும் இறங்கியது. டிக்கியில் கிடந்த குடையை எடுத்து வெளியே வைத்தார், செருப்பைக் கழற்றிவிட்டு ஓட்டினார். நான்காம் வாரம் மனைவியை இறக்கிவிட்டார். கொல்லங்கோட்டுக் கல்யாணத்துக்குச் சரஸ்வதியம்மாள் பஸ்ஸில் போனாள். அவர் காரில் போனார்.

“ஏனுங்க, எழுபது கிலோ மிச்சமாச்சுங்களா?” பந்தியில் எல்லார் காதிலும் விழும்படிக் கேட்டாள் அவள். “டயருக்கும் உங்களாட்டவே தொப்பை தள்ளிருச்சு. அதை மொதல்ல பாருங்க.”

“ரேடியல் டயருன்னா அப்படித்தான் இருக்கும். தெரியாமப் பேசாத.”

சிரித்துவிடாதீர்கள், கண்ணுகளா. இப்படி ஒருவர் நம் எல்லார் வீட்டிலும் இருக்கிறார்.

ஐந்தாம் முறை அவர் பங்க்கிலிருந்து திரும்பியபோது கணக்கு இருபத்தொன்று புள்ளி எட்டில் நின்றது.

வாசலில் வண்டியை நிறுத்தி, சாவியைத் துண்டால் துடைத்து மகனிடம் நீட்டினார். “எட்டாவது படிச்சவன் யூடியூப்பு பார்த்து எஞ்சினீயரானா இப்படித்தான் தம்பி. அன்னைக்கு அந்த டயரு உருண்டப்பவே நானும் அதுக்குப் பின்னாலயே உருண்டு போயிருக்கோணும்.”

சிரிக்கத்தான் பார்த்தார், முடியவில்லை. இனி இருபத்துநாலு என்று யாரிடம் போய்ச் சொல்வது?

தனபாலுக்குச் சாவியை வாங்கக் கை வரவில்லை. பேச்சை மாற்றுவதற்காக மெஷினை எடுத்து முன்டயரில் மாட்டினான். ஒருமுறை பார்த்தான். மற்ற மூன்றிலும் மாட்டிப் பார்த்தான்.

“அப்பா! முப்பத்துமூணு இருக்கோணும். நாலுலயும் பதினெட்டுதான் இருக்கு!”

“நாலும் பஞ்சராடா? அந்த ஜோமோன் என்னத்தையோ தலையில கட்டிட்டான்!” என்று துள்ளிய ஆறுச்சாமி, உடனே வீட்டுப் பக்கம் திரும்பினார். “அம்மணி! காத்து கொறச்சு வெச்சுருன்னு வாரா வாரம் உங்கிட்டச் சொன்னனே, செய்யலயா?”

ஈரக் கையோடு ஓடிவந்த கோமதிக்குக் கண் கலங்கிவிட்டது.

“ஒரு வாரம் விடாம, மூணு மூணாக் கொறச்சனுங் மாமா!”