இருபத்தைந்து தோட்டா

ஓர்வில் அந்தத் தடித்த துப்பாக்கிக் குழலைக் கையில் வாங்கிய வேகத்திலேயே திருப்பிக் கொடுத்தார்.

"கனம்."

கடைக்காரன் ரஸ்ஸல் சிரித்தான். பாயின்ட் டூ-டூ துப்பாக்கிக்குக் குழல் மாற்ற வருகிறவர்கள் காசு கொடுப்பதே அந்தக் கனத்துக்குத்தான். நின்றுகொண்டு குறி பார்க்கும்போது கனமான குழல் ஆடாது.

அந்தக் குழலால் சுட்டு, சுவரில் ஒட்டியிருந்த குறி அட்டையைக் காட்டினான். சுட்டது ஐந்து தோட்டா. ஐந்து ஓட்டையும் ஒரு நாணயத்துக்குள் அடங்கியிருந்தன.

ஓர்வில் அந்தப் பக்கம் திரும்பவில்லை. விற்கிறவன் ஒட்டிய அட்டை. எத்தனை அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை ஒட்டினானோ.

"இருக்கிறதுலயே லேசானதைக் கொண்டா."

"தொடைப் போட்டிக்குத்தானே, பெருசு?"

ஆமாம் என்று தலையாட்டினார். இலை பழுக்கும் காலத்தில் தீயணைப்பு நிலையத்தின் பின்புறம் நடக்கும் போட்டி. எதிலும் சாயக் கூடாது, எதிலும் கையை ஊன்றக் கூடாது, நின்றபடி சுட வேண்டும். ஜெயித்தால் புகை போட்ட பன்றித்தொடை ஒன்று முழுசாக வீட்டுக்கு வரும்.

இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

"பதினோரு வருஷம் பொண்டாட்டிகிட்டயே தோத்தீங்க. இந்த வருஷம் பாவம், நோரீனம்மா ஆபரேஷன் ஆகி வீட்ல கெடக்காங்க. தொடை உங்களுக்குத்தான் போங்க. பேரை எழுதிடவா?"

கல்லாப் பக்கம் ஓர் ஆணியில் போட்டிக்குப் பேர் கொடுக்கிற தாள் தொங்கியது.

"பொறு."

ரஸ்ஸல் உள்ளே போய் இன்னொரு குழலோடு வந்தான். பார்க்க உருட்டுக்கட்டை மாதிரி தடி. தூக்கினால் காய்ந்த குச்சி. உள்ளே மெல்லிய இரும்பு, மேலே கறுப்பாகக் கார்பன் நார்.

ஓர்வில் அதை நகத்தால் சுரண்டினார். முகர்ந்து பார்த்தார்.

"இது சுடுறதுக்கா, மீன் பிடிக்கிறதுக்கா?"

"ரெண்டு திருகாணியைக் கழட்டினா பழசு வந்துடும், இதைச் சொருகிடலாம். ஆனா குழல் தடி. துப்பாக்கிக் கட்டையில குழல் உக்கார்ற பள்ளம் அகலமா வேணும். உங்களுது மெலிசுக் குழலாச்சே? செதுக்கணும்."

"அகலமாத்தான் இருக்கு."

"உங்க துப்பாக்கியிலயா?"

ஓர்வில் கோட்டுப் பையிலிருந்து ஒரு கண்ணாடி ஊறுகாய் ஜாடியை எடுத்து மேஜைமேல் வைத்தார். உள்ளே முக்கால் அளவுக்கு டூ-டூ தோட்டா.

கண்ணை மூடிக்கொண்டு இடது கையில் ஜாடியைத் தூக்கினார். வைத்தார். அதே கையில் குழலைத் தூக்கினார். மறுபடி ஜாடி. மறுபடி குழல்.

"தராசு இருக்கு பெருசு, அதுல வைங்க."

"உன் தராசு உன் பேச்சைத்தான் கேக்கும்."

ஆனாலும் வைத்தார். பார்சல் எடை போடும் தராசு. ஜாடிதான் லேசு. ரஸ்ஸல் ஒரு பெட்டியைப் பிரித்து, ஜாடிக்குள் தோட்டாவை ஒவ்வொன்றாகப் போட்டான். குழலின் எடை வந்ததும் நிறுத்தினான்.

"இருபத்தஞ்சு குறையுது. இதைவிட லேசா எவன்கிட்டயும் கெடைக்காது."

ஓர்வில் விரலை மடக்கி எண்ணத் தொடங்கினார். உதடு அசைந்தது. ஒரு தடவை தப்பாகி மறுபடி முதலிலிருந்து வந்தார். நெற்றி மெல்ல விரிந்தது.

"தினம் மூணு. ஒம்போது நாள், இருபத்தேழு. ரெண்டு மிச்சம்."

"என்ன மூணு?"

"தினம் காலைல மூணு தோட்டா கூட. தோள் உசரத்துக்குக் கையை நீட்டி, ஜாடியைப் பிடிச்சு, நாப்பது எண்ணுற வரைக்கும் எறக்கக் கூடாது. ஆகஸ்ட்ல வெறும் ஜாடிக்கே கை தொபுக்குன்னு விழுந்துச்சு. இன்னைக்கு, நான் கொண்டாந்த அளவு போட்டு நாப்பது. அதுக்கப்புறமும் எறக்கல, நாந்தான் புடுங்கினேன்."

சொல்லிக்கொண்டே செய்து காட்டினார். ஜாடியில் இப்போது இருபத்தைந்து கூடுதல். அந்தக் கிழட்டுக் கை மரக்கிளை மாதிரி அசையாமல் நின்றது.

ரஸ்ஸல் அந்தக் கையையே பார்த்தான். இந்தக் கையா ஆகஸ்டில் விழுந்தது?

பிறகுதான் பள்ளம் ஞாபகம் வந்தது. அந்த வீட்டில் அகலமான பள்ளம் உள்ள கட்டை ஒன்றே ஒன்று. நாலு வருஷத்துக்கு முன் தடிக் குழல் மாட்ட அதைச் செதுக்கிக் கொடுத்ததே அவன்தான். அது இந்தக் கிழவனின் துப்பாக்கி இல்லை.

ரஸ்ஸல் இருபத்தைந்து தோட்டாவையும் ஜாடியிலிருந்து எண்ணி எடுத்தான். இன்னும் இரண்டைச் சேர்த்து ஒரு காகிதப் பையில் போட்டு, குழலோடு வைத்தான்.

ஆணியிலிருந்து தாளை எடுத்தான். நோரீன் என்று எழுதினான். எழுத்து சரியாக இருக்கிறதா என்று ஓர்வில் குனிந்து, எழுத்துக் கூட்டிப் பார்த்தார்.

"உங்க பேரு, பெருசு?"

"எழுதுடா. நான் இல்லேன்னா அவ யாரைத் தோக்கடிப்பா?"